எந்தக் கரை

நீடாமங்கலத்தில் என் கிளினிக்குக்குக் கீழே உரக்கடை.
யூரியா நெடியும் பிளீச்சிங் நெடியும்
படிக்கட்டின் நடுவில் சந்தித்துக்கொள்ளும்.

அமலதாஸ் ஏறி வந்தது ஆடி மூன்றாம் தேதி.
மூணாறு தலைப்பில் லஸ்கர்,
மதகுக் கதவை ஏற்றி இறக்குபவர்.
இடது கீழ்க் கடைவாய்ப்பல்.
இரண்டு வாரம் கிராம்புத் தைலம்,
நாலு ராத்திரி தூக்கமில்லை.

எக்ஸ்ரேயில் பின்வேர் நேர்.
முன்வேரில் இரண்டு கால்வாய்.
கன்னத்துப் பக்கம் இருப்பது
ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்து
நுனிக்கு நாலு மில்லிமீட்டர் முன்னால்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பியிருந்தது.
முப்பத்தைந்து டிகிரி.

தட்டில் மூன்று ஃபைல்.

கையால் திருகும் ஸ்டீல்.
வளைவு வந்தால் சுவரில் ஒரு படி வெட்டி
இதுதான் வழி என்று சாதிக்கும்.

வெள்ளி நிற நிக்கல் டைட்டானியம்,
மோட்டாரில் முந்நூறு சுற்று.
வளையும்.
வளைந்திருக்கும் நேரமெல்லாம்
நிமிர்வதையே நினைத்துக்கொண்டிருக்கும்.
அந்த நினைப்பு சுவரைச் சுரண்டும்.

நீலம், சூட்டில் பதம் பார்த்தது.
விரலால் மடக்கினால் மடங்கியபடி கிடக்கும்.
ரோஷமில்லாத கம்பி என்றுதான்
முதலில் நினைத்தேன்.
“ஒடியவே ஒடியாது டாக்டர்” என்பார்
திருச்சியிலிருந்து வரும் விற்பனையாளர் கோதண்டபாணி.
ஒடியாத உலோகத்தை
அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

மேற்படிப்பில் இதே மூன்றையும் ஒப்பிட்டேன்.
வலங்கைமானிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை
கிளினிக் கிளினிக்காகப் பாட்டில் கொடுத்து
பிடுங்கிய பல் அறுபது சேர்த்தேன்.
ஒன்றில் வெற்றிலைக் கறை,
ஒன்றில் பாதி அடைத்த வெள்ளி.
முன்னே ஒரு ஸ்கேன், பின்னே ஒரு ஸ்கேன்.
ஸ்டீல் தோற்றது.
வெள்ளிக்கும் நீலத்துக்கும் நடுவே
கணக்கில் எடுக்கத் தக்க வேறுபாடு இல்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அந்த அறுபதில் ஒன்றும்
என் கையைத் தட்டிவிட்டதில்லை.

“மூணு வாய்க்கால். எங்க தலைப்பு மாதிரியே,”
படத்தைப் பார்த்துச் சொன்னார் அமலதாஸ்.
“திருப்பத்துல எந்தக் கரை அரிக்கும்?”
நுனியில் வெளிக்கரை, கொஞ்சம் மேலே உள்கரை என்றேன்.
“ரெண்டுமா?”
அவருக்கு அது பிடிக்கவில்லை.
“எங்களுக்கு வெளிக்கரை மட்டும்தான்.
உள்கரையில மணல் சேரும்.”
எங்களுக்கும் தூள் சேரும்,
அதற்குத்தான் அடிக்கொருதரம் தண்ணீர் பாய்ச்சுவது,
அதற்கு எங்கள் புத்தகத்திலும்
இர்ரிகேஷன் என்றே பேர் என்றேன்.
வாயில் ரப்பர் திரை கட்டியிருந்தது.
தொண்டைக்குள் சிரித்தார், கிளாம்ப் ஆடியது.

முதலில் உள்ளே போனது ஸ்டீல்தான்.
பத்தாம் நம்பர்,
நுனியை நானே இடுக்கியால் மடக்கி.
(ஆய்வேட்டில் இதற்கு இடமிருக்கவில்லை.)
பிறகு நீலம்.
கொத்து, வெளியே, துடை, பாய்ச்சு.
கொத்து, வெளியே, துடை.
நாலாவது துடைப்பில் பஞ்சு மாட்டியது,
புரி ஒன்று பிரிந்திருந்தது.
நீலம் ஒடிவதற்கு முன்னால்
பல நேரம் இப்படிச் சொல்லிவிடும்.
வெள்ளி சொல்லாது,
மூன்று மில்லிமீட்டரை உள்ளே விட்டுவிட்டு
பளபளவென்று வெளியே வரும்.

புதியது ஒன்றைப் பிரித்தேன். அறுநூறு ரூபாய்.
பில்லில் சேர்க்கவில்லை,
சேர்க்காததைச் சொல்லவுமில்லை.

முடித்து எடுத்தபோது
அவர் வேரின் வளைவை அப்படியே வைத்திருந்தது கம்பி.
திரையைக் கழற்றிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்,
அளவுகோல் பார்க்கிற பார்வை.
ஆட்டோகிளேவில் போட்டால்
ஒரே வேக்காட்டில் நிமிர்ந்துவிடும்,
யாருடைய வளைவும் அதற்கு ஞாபகமிருக்காது
என்று நான் சொல்லவில்லை.

செல்போன் அடித்தது.
செக்‌ஷன் ஆபீசிலிருந்து,
கோரையாற்றுக் கதவை எவ்வளவு தூக்குவது என்று.
பாதி உதடு மரத்திருந்தது.
“ரெந்து,” என்றார், “ரெந்து அதி,”
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
படியிறங்கும்போதும் சொல்லிக்கொண்டே போனார்.
மறுமுனையில் எத்தனை என்று
கேட்டதோ.